உஷா உதுப்: வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் என் வீட்டு மாடியில் மெல்லிசை வகுப்பு நடத்துகிறேன். குரல் கனமாக உள்ள பெண் பிள்ளைகள் யார் வந்தாலும் முதல் வாரத்திலேயே உஷா உதுப்பின் பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டிவிடுவேன். உடனே கேள்விகள் வரும். பிள்ளைகள் சில கேட்பார்கள், அழைத்துப்போக வரும் அம்மாக்களும் தாத்தாக்களும் படிக்கட்டில் நின்றபடி சில கேட்பார்கள். பல வருடங்களாக அதே கேள்விகள்தான். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் கீழே வைத்திருக்கிறேன்.

உஷா உதுப்னா யாரு மிஸ்? நான் கேள்விப்பட்டதே இல்ல.

இந்தியாவில் பாப் இசையை மேடையில் பாடிப் பெயர் வாங்கிய முதல் தலைமுறைப் பாடகிகளில் ஒருவர். 1960களின் கடைசியில் பாட ஆரம்பித்தார். எழுபது வயதைத் தாண்டிய பிறகும் மேடையில் நின்று முழுக் கச்சேரி செய்தார். ஆங்கிலப் பாப், ஜாஸ், இந்தி டிஸ்கோ, வங்காளப் பாட்டு, மலையாளப் பாட்டு, பக்திப் பாட்டு, விளம்பரப் பாட்டு என்று அவர் தொடாதது குறைவு.

ஆளைப் பார்த்தால் மறக்க முடியாது. காஞ்சிபுரம் பட்டு, தலை நிறையப் பூ, கை நிறைய வளையல், நெற்றியில் பெரிய பொட்டு. அந்தப் பொட்டுக்குள் பல நேரம் 'க' என்ற வங்காள எழுத்து இருக்கும். கொல்கத்தாவின் முதல் எழுத்து அது. காலில் புடவைக்குப் பொருத்தமாக பட்டுத்துணி வைத்துத் தைத்த ஸ்போர்ட்ஸ் ஷூ.

அவங்க தமிழா, மலையாளியா, பெங்காலியா? ஒவ்வொருத்தர் ஒண்ணு சொல்றாங்க.

தமிழ்க் குடும்பம். 1947 நவம்பரில் பம்பாயில் பிறந்தார். அப்பா அங்கே போலீஸ் அதிகாரி, வீடு பைகுல்லா பக்கம். வீட்டில் தமிழ், வெளியில் மராத்தியும் இந்தியும், பள்ளியில் ஆங்கிலம்.

திருமணம் செய்துகொண்டவர் ஜானி சாக்கோ உதுப், கேரளத்துக்காரர். அங்கிருந்து வந்தது அந்த உதுப். வாழ்க்கையின் பெரும்பகுதி கழிந்தது கொல்கத்தாவில். அதனால் மூன்று ஊர்க்காரர்களும் "எங்கள் ஊர் உஷா" என்று சொல்வதில் தப்பே இல்லை. வங்காளிகளுக்கு அவர் 'தீதி', அதாவது அக்கா.

ஸ்கூல்ல மியூசிக் கிளாஸ்ல இருந்து வெளிய அனுப்பிட்டாங்களாமே, நிஜமா?

நிஜம்தான், அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பள்ளியில் சேர்ந்து பாடும் பிள்ளைகளின் குரல் மெல்லிசாக, உயரமாக இருந்தது. இவர் குரல் அதோடு ஒட்டவில்லை, வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆனால் தாளமும் சுருதியும் இந்தப் பெண்ணுக்கு உண்டு என்று ஆசிரியைக்குத் தெரிந்திருக்கிறது. பாட விடாவிட்டாலும் தட்டுகிற சிறு வாத்தியங்களைக் கையில் கொடுத்து உட்கார வைத்தார்களாம்.

இந்தக் கதையைக் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. பத்து வயதில் ஒரு பிள்ளையிடம் "உன் குரல் சேராது" என்று சொன்னால் அது எவ்வளவு வருடம் உள்ளே உட்கார்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் படித்த பள்ளியில் கடவுள் வாழ்த்துக் குழுவில் என்னை ஓரமாக நிறுத்தி, வாயை மட்டும் அசைக்கச் சொன்னார்கள். அதன் பிறகு ஆறு வருடம் நான் யார் முன்னாலும் பாடவில்லை.

அப்போ முறையாப் பாட்டுக் கத்துக்கவே இல்லையா?

குருவிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளவில்லை. கேட்டுக் கேட்டு வந்ததுதான். வீட்டில் எல்லா இசையும் ஓடியது: கர்னாடக சங்கீதம், இந்துஸ்தானி, மேற்கத்திய சாஸ்திரிய இசை, அப்புறம் இலங்கை வானொலி. அப்போது ரேடியோ சிலோன் என்பார்கள். அக்காக்களும் பாடுகிறவர்கள். ஒன்பது வயதிலேயே ரேடியோ சிலோன் நிகழ்ச்சி ஒன்றில் பாடியிருக்கிறார்.

"அப்போ வகுப்பே வேண்டாமே" என்று அடுத்த கேள்வி வரும். அவர் வீடே வகுப்பாக இருந்தது. ஒரே நாளில் நாலு விதமான இசை காதில் விழுகிற வீடு எல்லோருக்கும் வாய்க்காது. வாய்க்காதவர்கள் எங்கேயாவது போய்க் கற்றுக்கொள்ள வேண்டும்.

நைட் கிளப்ல பாடினவங்கதானே? அவங்களைப் பிள்ளைங்களுக்கு உதாரணமாக் காட்டலாமா?

அம்மாக்கள் கேட்பது, அதுவும் குரலைத் தாழ்த்திக் கேட்பது.

ஆமாம், நைட் கிளப்பில்தான் தொடங்கினார். 1969, சென்னை மவுண்ட் ரோடு. சஃபையர் தியேட்டர் வளாகம் என்று சொன்னால் பழைய சென்னைக்காரர்களுக்கு உடனே புரியும்: சஃபையர், புளூ டைமண்ட், எமரால்டு என்று மூன்று தியேட்டர் ஒரே கட்டடத்தில். அதன் அடித்தளத்தில் 'நைன் ஜெம்ஸ்' என்ற சின்ன கிளப் இருந்தது. அங்கே பாடினார். பிறகு பம்பாயில் 'டாக் ஆஃப் தி டவுன்', அதன் பிறகு கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் 'டிரிங்காஸ்', டெல்லியில் ஓபராய் ஹோட்டல்.

அந்தக் காலத்தில் ஆங்கிலப் பாட்டை மேடையில் பாட வேண்டும் என்றால் வேறு இடமே கிடையாது. சபாவில் விடமாட்டார்கள், சினிமாவில் அந்தக் குரலுக்கு வேலை இல்லை. கிளப்பில்தான் நல்ல பேண்ட் இருந்தது, நல்ல மைக் இருந்தது, தினமும் பாடச் சம்பளமும் இருந்தது. ஒரு பாடகிக்கு அது எவ்வளவு பெரிய பள்ளிக்கூடம் என்று யோசித்துப் பாருங்கள். வாரத்துக்குப் பல இரவுகள், ஒவ்வொரு இரவும் பத்துப் பதினைந்து பாட்டு, பேசிக்கொண்டும் சாப்பிட்டுக்கொண்டும் இருக்கிற ஆட்களைத் திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும். பிற்காலத்தில் பெரிய மைதானத்தையே ஒரு வார்த்தையில் எழுந்து ஆட வைத்தாரே, அந்தப் பழக்கம் அங்கே வந்தது.

அப்புறம், அவர் பாட ஆரம்பித்த பிறகு டிரிங்காஸ் மாதிரி இடங்களுக்கு ஆட்கள் குடும்பத்தோடு வர ஆரம்பித்தார்கள். புடவை கட்டிய ஒரு பெண் மேடையில் நின்றால் அந்த இடத்தையே வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆகவே, தாராளமாக உதாரணம் காட்டலாம். நான் காட்டுகிறேன்.

கிளப்புக்குப் போய் எதுக்குப் பட்டுப்புடவை? அது ஒரு ஸ்டைலுக்கா?

ஸ்டைல் என்று யோசித்துச் செய்யவில்லை. கிளப் பாடகி என்றால் பளபளக்கும் நீளக் கவுன் போடுவார்கள் என்பது அன்றைய வழக்கம். இவர் வீட்டில் பெண்கள் கட்டியது புடவை, வெளியே போகும்போது இவரும் கட்டியது புடவை. அதையே கட்டிக்கொண்டு போய் நின்றார், அவ்வளவுதான்.

ஆனால் அந்த முடிவில் பிடிவாதமாக இருந்தார் பாருங்கள், அதுதான் பெரிது. பெயர் வந்த பிறகு கவுனுக்கு மாறியிருக்கலாம், டிஸ்கோ காலத்தில் ஜிகினா உடை போட்டிருக்கலாம். ஐம்பது வருடத்துக்கும் மேலாகப் புடவைதான். பாட்டுக்காகத் தன்னை வேறு ஆளாகக் காட்டிக்கொள்ள அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. குரல் விஷயத்திலும் இதே பிடிவாதம்தான், அதைக் கீழே சொல்கிறேன்.

கல்கத்தாவிலேயே ஏன் தங்கிட்டாங்க? சினிமா பம்பாய்லதானே இருக்கு?

டிரிங்காஸில் பாடும்போதுதான் ஜானி உதுப்பைச் சந்தித்தார். அது ஒன்று. இன்னொன்று, கல்கத்தா அவரைச் சினிமாப் பாடகியாகப் பார்க்காமல் மேடைப் பாடகியாகவே வைத்துக் கொண்டாடியது. பார்க்கப் போனால் அவர் வாழ்க்கையில் சினிமா பக்கத்து அறை மாதிரி. நடுக்கூடம் மேடைதான்.

அதே ஊரில் பெரிய எதிர்ப்பையும் சந்தித்தார். 1980களின் தொடக்கத்தில், மேற்கு வங்க இடதுசாரி அரசில் பொதுப்பணித் துறை அமைச்சராக இருந்த ஜதின் சக்ரவர்த்தி, இவருடைய பாட்டை 'அபசம்ஸ்கிருதி', அதாவது சீரழிந்த கலாசாரம் என்று சொல்லி, அரசு அரங்குகளில் பாடத் தடை போட்டார். உஷா நீதிமன்றத்துக்குப் போனார், ஜெயித்தார். அதன் பிறகு ஊரை விட்டுக் கிளம்பவில்லை. தன் ஒலிப்பதிவுக் கூடத்தையும் அங்கேயே வைத்தார். அந்த ஊர்ப் பெயரின் முதல் எழுத்தைப் பொட்டாக வைத்துக்கொள்கிறவர், அதற்காக வழக்காடியும் இருக்கிறார் என்று தெரிந்தபோது எனக்கு அந்தப் பொட்டின் மேல் தனி மரியாதை வந்தது.

'தம் மாரோ தம்' அவங்க பாடினதுதானே?

இல்லை. அது ஆஷா போன்ஸ்லே. ஆனால் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. 1971இல் வந்த 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' படத்தில் உஷாவும் பாடியிருக்கிறார். டெல்லி ஹோட்டலில் இவர் பாட்டைக் கேட்ட இந்தி நடிகர் தேவ் ஆனந்த்தின் படக்குழுதான் கூப்பிட்டது. ஆர்.டி. பர்மன் இசையில் ஆஷாவோடு சேர்ந்து, ஆங்கில வரிகள் வரும் இன்னொரு பாட்டைப் பாடினார்.

பழைய இசைத்தட்டில் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: அந்தப் படத்தில் அவர் பெயர் உஷா ஐயர் என்றே இருக்கும். உதுப் ஆவதற்கு முந்தைய பெயர் அது.

'ரம்பா ஹோ' பாட்டுல ஆடுறது அவங்களா?

ஆடுகிறவர் கல்பனா ஐயர். பாடுகிறவர், மேலே சொன்ன மாதிரி ஒரு காலத்தில் உஷா ஐயர். இரண்டு ஐயர்களும் கலந்துபோய்விடுகிறார்கள். 'அர்மான்' படம், 1981. அதற்கு முந்தைய வருடம் 'பியாரா துஷ்மன்' படத்தில் வந்த 'ஹரி ஓம் ஹரி'யிலும் இதே ஜோடிதான்: குரல் உஷா, ஆட்டம் கல்பனா. இரண்டுக்கும் இசை பப்பி லஹிரி.

நெட்ல பார்த்தேன், அவங்க ஹிட்டெல்லாம் இங்கிலீஷ் பாட்டோட காப்பியாமே?

எல்லாம் இல்லை. சில உண்டு, மறைக்க வேண்டியதில்லை. 'ஹரி ஓம் ஹரி' மெட்டு, இரப்ஷன் என்ற குழு பாடிப் பிரபலமாக்கிய 'ஒன் வே டிக்கெட்' பாட்டின் மெட்டு. 1982இல் 'டிஸ்கோ டான்சர்' படத்தில் பப்பி லஹிரியும் இவரும் பாடிய 'கோயி யஹான் நாச்சே நாச்சே' பாட்டு, பகிள்ஸ் குழுவின் 'வீடியோ கில்டு தி ரேடியோ ஸ்டார்' பாட்டிலிருந்து வந்தது. மெட்டை எடுத்தவர் இசையமைப்பாளர், அந்தக் கணக்கு அவரோடது.

பாடகி என்ற முறையில் உஷா என்ன செய்தார் என்பதை இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் தெரியும். மூலப் பாட்டை ஒரு தடவை, உடனே இவர் பாடியதை ஒரு தடவை. 'ஹரி ஓம் ஹரி'யில் வரியின் கடைசிச் சொல்லில் அவர் வைக்கிற அழுத்தத்தைக் கவனியுங்கள். என் பிள்ளைகள் மூலப் பாட்டைக் கேட்டுவிட்டு "இது என்ன மிஸ், சப்புன்னு இருக்கு" என்றுதான் சொல்வார்கள்.

தமிழ்ல என்னதான் பாடியிருக்காங்க?

எண்ணிக்கையில் குறைவு. எனக்கு அதில் வருத்தம் உண்டு. 1975இல் எம்.ஜி.ஆர். நடித்த 'இதயக்கனி'யில் எம்.எஸ். விஸ்வநாதன் இசையில் ஒரு பாட்டுப் பாடினார், ஆனால் அது முழுக்க ஆங்கிலப் பாட்டு. எழுதியவர் ராண்டார் கை என்ற சினிமா வரலாற்று எழுத்தாளர். அதே வருடம் ஏ.பி. நாகராஜன் இயக்கிய 'மேல்நாட்டு மருமகள்' படத்திலும் பாடினார். அதிலும் ஆங்கிலம்தான். தமிழ்ப் பெண்ணைக் கூப்பிட்டு ஆங்கிலம் பாட வைத்த காலம் அது.

எனக்குப் பிடித்தது 1990இல் வந்த 'அஞ்சலி'. இளையராஜா இசையில் 'வேகம் வேகம் போகும் போகும்'. அந்தக் குரல் தமிழில் எப்படி உருளும் என்பதை அப்போதுதான் நாம் சரியாகக் கேட்டோம். அந்த இடத்தில் வேறு பெண் குரலைக் கற்பனை செய்து பாருங்கள், பாட்டின் எடையே போய்விடும். நம் ஊரில் எல்.ஆர். ஈஸ்வரிக்கு இடம் கொடுத்த மாதிரி இன்னும் ஒரு பத்துப் பாட்டாவது இவருக்கும் கொடுத்திருக்கலாம்.

இத்தனை மொழியும் அவங்களுக்குப் பேசத் தெரியுமா?

பாடியது பதினைந்துக்கும் மேற்பட்ட இந்திய மொழிகளில், அது போக வெளிநாட்டு மொழிகள். எல்லாமே பேச வராது, வரவும் வேண்டியதில்லை. ஆனால் எந்த ஊருக்குப் போகிறாரோ அந்த ஊர்ப் பாட்டு ஒன்றாவது தயாராக இருக்கும். கேரளத்தில் 'என்டே கேரளம்' இல்லாமல் மேடையை விட்டு இறங்க விடமாட்டார்கள். 1970களில் கென்யாவுக்குப் போனபோது 'மலைக்கா' என்ற ஸ்வாஹிலி பாட்டைப் பாடினார். நைரோபி மக்கள் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அதிபர் ஜோமோ கென்யாட்டா கௌரவக் குடியுரிமை கொடுத்தார்.

வேறு மொழியில் பாடப் போகும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். மொழி தெரியாத பாட்டில் மெட்டைவிட உச்சரிப்புக்கு இரண்டு மடங்கு நேரம் செலவழியுங்கள். கேட்கிறவர் சுருதி கொஞ்சம் விலகினால்கூட மன்னிப்பார், தன் தாய்மொழியைக் கடித்துத் துப்பினால் மன்னிக்கமாட்டார்.

எல்லாப் பாட்டுலயும் ஒரே குரல்தான் கேக்குது. அப்புறம் எப்படி அவங்களை வெர்சடைல்னு சொல்றீங்க?

இதைக் கேட்டது பிளஸ் ஒன் படிக்கும் பெண். வகுப்பில் வந்ததிலேயே நல்ல கேள்வி.

வெர்சடைல் என்றால் பத்துக் குரலில் பாடுவது என்று நினைக்கிறோம். குழந்தைக் குரல், கிழவிக் குரல், காதலிக் குரல் என்று மாற்றி மாற்றிப் பாடுவதும் பெரிய திறமைதான், பின்னணிப் பாடகர்களுக்கு அது வேண்டும். திரையில் யாருடைய முகமோ வரும், அதற்குள் இவர்கள் போய் உட்கார வேண்டும். உஷா உதுப் அந்த வழியில் போகவில்லை. ஜாஸ் பாடினாலும் பஜனை பாடினாலும் அது உஷாதான் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

மாறியதெல்லாம் வேறு. தாளத்தை எங்கே இழுக்க வேண்டும், எங்கே முந்த வேண்டும் என்பது மாறும். டிஸ்கோவில் சொற்களை வெட்டி வெட்டிப் போடுவார். மெதுவான ஆங்கிலப் பாட்டில் மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சொல்லைக் கரைப்பார். 2001இல் 'கபி குஷி கபி கம்' படத்து 'வந்தே மாதரம்' பாட்டில் கவிதா கிருஷ்ணமூர்த்தியோடு பாடும்போது அந்தக் கனத்தை அடியில் தாங்கலாக மட்டும் வைத்திருப்பார். ஒரே குரல், ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் அது செய்யும் வேலை வேறு. புடவை பற்றிச் சொன்னேனே, அதுவேதான் இதுவும்.

அவார்டு எதுவும் வாங்கலையா?

2011இல் பத்மஸ்ரீ, 2024இல் பத்மபூஷண். '7 கூன் மாஃப்' படத்தின் 'டார்லிங்' பாட்டுக்கு ரேகா பரத்வாஜோடு சேர்ந்து சிறந்த பின்னணிப் பாடகிக்கான ஃபிலிம்ஃபேர். அப்போது வயது 64. அந்த வயதில், காதல் துள்ளும் ஒரு பாட்டுக்கு.

நடிச்சும் இருக்காங்களாமே?

கொஞ்சம். 'போத்தன் வாவா' மலையாளப் படத்தில் மம்மூட்டியோடு, '7 கூன் மாஃப்' படத்தில் வேலைக்காரம்மாவாக, 'மன்மதன் அம்பு'வில் மாதவனின் அம்மாவாக. மாதவனின் அம்மா என்றதும் பாதிப் பேருக்கு முகம் ஞாபகம் வந்துவிடுகிறது.

வயசானா குரல் போயிடும்னு சொல்வாங்க. அவங்களுக்கு எப்படிப் போகல?

வயது ஏற ஏறப் பெண்களின் குரல் பொதுவாகக் கொஞ்சம் கீழே இறங்கும். மேல் ஸ்தாயியை நம்பியே பெயர் வாங்கியவர்களுக்கு முதலில் அங்கேதான் அடி விழும். உஷாவின் குரல் மேற்கத்திய கணக்கில் கான்ட்ரால்டோ வகை, பெண் குரல்களில் மிகத் தாழ்ந்தது. அவருடைய பலமெல்லாம் கீழும் நடுவும். இழக்க வேண்டிய உயரத்தை அவர் எப்போதும் நம்பியிருக்கவே இல்லை. பள்ளியில் எதற்காக வெளியே அனுப்பினார்களோ, அதுதான் எழுபது வயதிலும் சோறு போட்டது.

குரல் மட்டும் இருந்தால் போதாது, புதுப் பாட்டுக் கற்கிற ஆசையும் வேண்டும். பேத்தி வயதுப் பாடகியான மைலி சைரஸின் 'ஃபிளவர்ஸ்' பாட்டை அவர் டிரிங்காஸில் பாடிய வீடியோ 2024இல் ஊரெங்கும் சுற்றியது. பார்க்காதவர்கள் பாருங்கள். ஐம்பது வருடத்துக்கு முன் பாடிய அதே இடம், இடையில் பிறந்த தலைமுறையின் பாட்டு, உடம்பில் பட்டு.

என் பொண்ணுக்கும் கட்டைக் குரல்தான். ஆம்பளை மாதிரி இருக்குன்னு கிண்டல் பண்றாங்க. பாட்டை நிறுத்திடலாமா மிஸ்?

நிறுத்த வேண்டாம். இந்தக் கேள்விக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன்.

சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள், எண் கூடினால் சுருதி உயரும். பெண் என்றால் ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை என்று கண்ணை மூடிக்கொண்டு சுருதி வைப்பார்கள். கரோக்கி டிராக்கும் அப்படியே இருக்கும். உங்கள் பெண் அதில் முக்கிப் பாடும்போதுதான் குரல் கரகரக்கிறது, கிண்டல் வருகிறது. குரலில் குறை இல்லை, வைத்த சுருதியில் குறை. மூன்று கட்டையோ நாலு கட்டையோ, கீழே பஞ்சமம், அதாவது 'ப' ஸ்வரம் வரை பேசுகிற மாதிரி சுகமாக எங்கே இறங்க முடிகிறதோ அங்கே வையுங்கள். கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது, டிராக்கைச் சுருதி இறக்கித் தரும் ஆப் போனிலேயே கிடைக்கிறது. மேடையில் பாடும்போது வாசிப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், கேட்கக் கூச்சப்படக் கூடாது. தினமும் காலையில் பத்து நிமிடம் கீழ் ஸ்தாயியில் 'ஆ'காரம் பிடிக்கட்டும். மேலே கத்திப் பழகுவது முதல் ஆறு மாதம் வேண்டாம்.

சனிக்கிழமை நாலு மணிக்கு அழைத்து வாருங்கள். 'வேகம் வேகம்' பாட்டை அதன் சுருதியிலேயே போட்டு வைக்கிறேன். அவளுக்கு எதையும் மாற்ற வேண்டியிருக்காது.